கழுத்தில் ஒரு விரிசல்

“சரிபண்ணாதே. எரிச்சிடு, குட்டி.”

“எரிக்கறதுக்கு என் பட்டறை எதுக்கு? உன் வீட்டுல அடுப்பு இல்லையா?”

அண்ணன் சிரிக்கவில்லை. செத்துப்போன அப்பாவின் வேட்டைத் துப்பாக்கியைத் தங்கையின் வேலைமேசையில் கிடத்திவிட்டு, தள்ளிப்போய் முக்காலியில் உட்கார்ந்தான்.

“போட்டுப் பார்த்தேன். பத்த மாட்டேங்குது. அதைத் தோள்ல வச்சு ஒருதரம் குறி பார்த்தேன், அவ்வளவுதான். அதுலேருந்து இந்தக் கன்னம் என்னோடது மாதிரியே இல்ல. கட்டையில இருக்கற அந்த விரிசல் வழியாத்தான் அப்பா வர்றார்.”

“அப்போ அடைச்சிடுவோம். உயிரோட இருந்தப்பவே அந்த மனுஷனுக்கு நான் பயப்படல.”

உண்மைதான். பெண்பிள்ளைக்கு உளி எதற்கு என்று அப்பா கத்திய அன்றே, அந்த உளியோடு வீட்டைவிட்டு இறங்கியவள் அவள். பின்னாலேயே அவளுடைய துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து கொடுத்தவன் அண்ணன். அதற்காக அவன் வாங்கிய அடியை அவள் மறக்கவில்லை.

தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டு, இரும்பைக் கழற்றினாள். துப்பாக்கியின் மரக்கட்டையை மட்டும் விளக்கடியில் வைத்தாள். கை பற்றும் ஒடுங்கிய இடத்துக்குக் கழுத்து என்று பெயர். அங்கே முடி ஒன்று ஒட்டிக் கிடப்பதுபோல ஒரு விரிசல். அவ்வளவுதான். ஆனால் குனிந்தபோது அதற்குள்ளிருந்து சவரச் சோப்பும் சுருட்டும், கோபம் ஏறும்போது அப்பாவின் மேலிருந்து கிளம்பும் புளித்த வியர்வையும் சேர்ந்து, வெளியே பெய்யும் மழையின் வாசனையையும் மீறி அவள் முகத்தில் வந்து மோதின.

பழைய கட்டைக்குள் எண்ணெய் ஊறியிருக்கும். இருந்தால் பசை பிடிக்காது. சுண்ணாம்புத் தூளைக் குழைத்துப் பூசிச் சூடு காட்டினாள். தூள் மஞ்சளாகி எண்ணெயைக் குடித்தது. துடைத்தாள். மறுபடி பூசினாள். வழக்கமாக இதற்குள் வறண்டுவிடும். இது வறளவில்லை. விரலில் பட்டதை நுனிநாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

ஈரம் கசியும் மரத்தை மூடக்கூடாது. உள்ளே இருப்பதை முழுக்க வெளியே எடுத்த பிறகுதான் ஒட்டவேண்டும். இதுவரை அவள் மீறாத விதி அது.

“போதும், விட்டுடு,” என்றான் அண்ணன். அவன் தன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

“நீ சும்மா இரு. எனக்கும் அவருக்கும் பழைய கணக்கு.”

ஈரம் நிற்கும் முன்பே விரிசலில் பசையை விட்டாள். கட்டையை லேசாக வளைத்தால் விரிசல் திறந்து பசையை இழுக்கும், விட்டால் மூடும். திறந்து, மூடி, திறந்து, மூடி, பசை சீராக இறங்கியது. அவள் கையை எடுத்தாள்.

விரிசல் திறந்தது. மூடியது. திறந்தது.

பசையில் குமிழிகள் வெடித்தன. வெதுவெதுப்பான காற்று.

“மூச்சா விடறே?” பல்லைக் கடித்தாள். “விடு பார்ப்போம்.”

கிழித்து வைத்திருந்த சைக்கிள் ட்யூப் பட்டையை எடுத்தாள். கழுத்தைச் சுற்றி ஒரு சுற்று. இழுத்து, அடுத்த சுற்று. மரம் அவள் பிடியில் சூடாகித் துள்ளியது. முழங்காலால் அழுத்திக்கொண்டாள். இன்னும் ஒரு சுற்று. ரப்பர் கீச்சிட்டது. குமிழிகள் குறைந்தன. நின்றன.

ஜெயித்துவிட்டாள். சிரிப்புக்கூட வந்தது.

பின்னால் முக்காலி சாய்ந்தது.

திரும்பினாள். பட்டையின் நுனி இன்னும் கையில். அண்ணன் தரையில். காலால் தரையை உதைத்துக்கொண்டிருந்தான். கழுத்தில் எதுவுமே இல்லை. ஆனால் சதை உள்வாங்கியிருந்தது. வளையம் வளையமாக. விரல் அகலத்துக்கு. அவள் சுற்றிய அதே இறுக்கத்தில்.

நுனியைத் தளர்த்தினாள். ஒரு நூல் அளவு.

அவன் மூச்சு இழுத்தான். வலது கன்னம் தொங்கியது. சுருங்கியது. நரைத்த முள்தாடி தோலைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது. உதடு அப்பாவுடையது.

இறுக்கினாள். முள்தாடி உள்ளே போனது. முகம் அண்ணனுடையதானது. நீலமானது.

பசை அவள் விரலடியில் கெட்டியாகிக்கொண்டிருந்தது.

“அப்பாவா?” என்றாள். “அண்ணனா? யார்னு சொல்லு!”

பாதி அவனாகவும் பாதி அவராகவும் அந்த முகம் நிமிர்ந்தது. இரண்டு கண்ணிலும் கண்ணீர்.

“வலிக்குது... கொஞ்சம் தளர்த்தேன்.”