சாட்சியின் மைக்

கணினித் திரையில் சாட்சியின் மைக்குக்கான பச்சைக் கோடு அசைந்தது. அன்றைய விசாரணைக்குச் சாட்சி என்று யாரும் வரவில்லை. அந்த நாற்காலி கடைசிவரை காலியாக இருந்ததை லீவிகா கண்ணால் பார்த்திருந்தாள்.

தங்கை எனெலி ஏரியில் மூழ்கி இறந்த பிறகு, அவள் மகள் மிர்தெலைத் தன்னிடம் தரும்படி லீவிகா மனுப் போட்டாள். நீதிமன்றம் குழந்தையை அப்பன் தைவோவிடமே விட்டது. மேல்முறையீட்டுக்கு நாளையோடு கெடு. இதோடு விட்டுவிடுங்கள் என்றார் வக்கீல். அவள் விடவில்லை. கணினியில் அடையாள அட்டையைச் செருகி, ரகசிய எண்ணை அடித்து, விசாரணையின் ஒலிப்பதிவைத் திறந்தாள். ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகப் பதிவாகியிருந்தது. மற்றவற்றை அடக்கிவிட்டு ஒன்றை மட்டும் கேட்கலாம். எனெலி ஏரிக்குத் தனியாகத்தான் போனாள் என்று சொன்னபோது தைவோவின் குரல் ஓரிடத்தில் தடுக்கியது. அந்த இடம்தான் அவளுக்கு வேண்டும்.

ஆனால் காலி நாற்காலியின் கோடு அசைவதைக் கண்டதும், அதை மட்டும் கேட்க, நீதிபதியை அடக்கினாள். தன்னை. தைவோவை. கடற்கரை நகரான பார்னுவின் நவம்பர் மாதம் மதியம் சாய்ந்ததுமே ஜன்னலில் இருட்டை அப்பியிருக்க, கடற்காற்று கண்ணாடியை அழுத்தி அழுத்தி விலக, ஒலிபெருக்கியிலிருந்து வர வழியே இல்லாத ஈரக் கம்பளி வாடை மேஜைமேல் பரவ, எங்கோ நீர் சொட்ட, அதற்கும் அடியில், குளிர்காலத்தில் எனெலிக்கு எப்போதும் அடைத்துக்கொள்ளும் அதே மூக்கின் வழியாக, யாரோ பொறுமையாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் விரல் நிறுத்தப் போனது. பின்வாங்கியது. எத்தனை பேர் தன் வாயை அடைத்தார்கள். இவள் வாயையும் தானே அடைப்பதா?

ஒலியைக் கூட்டினாள்.

கைபேசி அதிர்ந்தது. தைவோ, சிரித்துக்கொண்டே.

“நாளைக்கு ஏதோ தாக்கல் பண்ணப் போறியாமே, லீவிகா. தோத்தவ வீட்டோட உக்காந்து கையுறை பின்ன வேண்டியதுதானே?”

“பண்ணத்தான் போறேன். அதுக்கு முன்னால நீ இதக் கேளு.”

கைபேசியை ஒலிபெருக்கியருகே பிடித்தாள். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

“யாரு அது?”

“சாட்சி.”

திரையை நோக்கிக் குனிந்தாள். “எனெலி, யாருக்குப் பயப்படற? நேர்லயே போ. குழந்தைய அவன்கிட்ட விடாத.”

மூச்சு நின்றது. பச்சைக் கோடு படுத்துவிட்டது.

கைபேசிக்குள், தூரத்தில், மிர்தெலின் குரல்.

“அப்பா, அம்மா வாசல்ல நனைஞ்சு நிக்கிறாங்க. கதவத் தொறக்கட்டா?”

“தொறக்காத... மிர்தெல், தொறக்காத.”

தாழ்ப்பாள். வெறுங்கால்கள் ஓடும் சத்தம். பிறகு தைவோ அறை அறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மட்டும்.

லீவிகாவும் கூப்பிட்டாள்.

கோடு எழுந்தது.

மூச்சு. அடைத்த மூக்கு. அதன் பக்கத்தில் இன்னொன்று. சின்னது. ஓடி வந்ததில் இரைக்கிறது.

நீர் சொட்டுகிறது.

சின்ன மூச்சு மெல்ல மெல்லப் பெரியதன் தாளத்துக்கு வருகிறது.