ஸ்பாஞ்சை எடுத்த கிட்டார்

கையை வைத்த பிறகும் தடித்த கம்பி அடங்கவில்லை.

பேஸ் கிட்டார் வாசிக்கிறவளுக்குக் கம்பியை அதிரவைப்பதைவிட அடக்குவதுதான் பெரிய வேலை. ஒன்றை மீட்டும்போது மற்ற மூன்றும் கூடவே முனகாமலிருக்க, அவற்றின்மேல் விரல் பட்டும் படாமல் கிடக்க வேண்டும். அப்படி லேசாகத் தொட்டால் ஒலி செத்துவிடும். அழுத்தினால் வேறு சுரம் பிறந்துவிடும். அவளுடைய ஆறு வயது மகளுக்கு இது பிடிபடவே இல்லை. சொல்லிக்கொடுக்கும் போதெல்லாம் அழுத்திவிடுவாள்.

இப்போது உள்ளங்கை முழுவதும் படிந்திருந்தும், பூனையின் வயிறு போலக் கம்பி தோலுக்கடியில் குறுகுறுத்துக்கொண்டிருந்தது.

பழைய கிட்டார். கம்பிகளுக்கு அடியில் கறுத்துப்போன ஸ்பாஞ்சு ஒன்றை யாரோ பசை போட்டுத் திணித்திருந்தார்கள். அதை விற்ற கடைக்காரர் கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னார்.

"அதை மட்டும் எடுத்துடாதீங்கம்மா. அப்புறம் அடங்காது."

"அடக்கத்தான் பத்து விரல் இருக்கே, அண்ணே!"

நாளைக்கு ரெக்கார்டிங். ஸ்பாஞ்சு இருந்தால் நாதம் மரக்கட்டையைத் தட்டியதுபோல டொக்கென்று நின்றுவிடுகிறது. மத்தியானம் கத்தியால் சுரண்டிக் குப்பையில் போட்டாள். குப்பை வண்டியும் வந்து போய்விட்டது.

அதே சுரத்தில் பக்கத்தில் எது ஒலித்தாலும் சும்மா கிடக்கும் கம்பி தானாக அதிரும் என்பது அவளுக்குத் தெரியும். ஃப்ரிட்ஜாக இருக்கும் என்று பிளக்கைப் பிடுங்கினாள். மின்விசிறியை நிறுத்தினாள். முனகல் நிற்கவில்லை. ஜன்னல்களில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. துருவும் ஈரத்துணியும் கலந்த ஒரு வாடை நடையில் நின்றது. அந்த முனகல் சமையலறைச் சுவரிலிருந்து நடைக்கு, நடையிலிருந்து படுக்கையறைக் கதவுக்கு, அவசரமே இல்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது.

உள்ளே மகள் காய்ச்சலில் படுத்திருந்தாள்.

தோளில் தொங்கிய கிட்டாரோடு ஓடினாள்.

"அம்மா, யாரு பாடுறா?"

"யாருமில்லடி தங்கம். நீ தூங்கு."

"என் வாய்க்குள்ள பாடுறாங்கம்மா."

குழந்தையின் உதடுகள் மூடியிருந்தன. கழுத்து மட்டும் அதிர்ந்தது. முகம் நீலம் பாரித்தது. மூச்சு இல்லை.

இடது கையால் நான்கு கம்பிகளையும் பொத்தினாள். முனகல் தாழ்ந்தது. மகள் ஒரு வாய் காற்றை விழுங்கினாள். மறுபடி கழுத்து துடித்தது. போதவில்லை.

"விட்டுடு! அவளை விட்டுடு! நாந்தானே எடுத்தேன்!"

யாரிடம் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வலது கை தானாக நீண்டது. மகளின் தொண்டையில் விரல்களைக் கிடத்தினாள். பட்டும் படாமல். இத்தனை வருடம் கம்பியில் கிடத்தியது போல.

நின்றது.

மகள் மூச்சு விட்டாள். கன்னத்தில் நிறம் திரும்பியது. வீடு முழுக்க நிசப்தம். கையை எடுக்கக் கூடாது. விடியும்வரை இப்படியே. விடிந்த பிறகும் இப்படியே.

அப்போது அவளுடைய கடைவாய்ப் பல் கூசியது.

பிறகு விலா.

பிறகு தொண்டை.

இரண்டு கைகளும் எடுக்க முடியாத இடத்தில் இருந்தன. வாயைத் திறந்தாள், காற்று வரவில்லை, அந்தச் சுரம்தான் வந்தது. மகள் கண் விழித்து அவளையே பார்த்தாள். அம்மாவின் விரல்கள் தன் கழுத்தில் கிடப்பதைப் பார்த்தாள். புரிந்துகொண்டவள்போலத் தலையசைத்து, சுடுகிற தன் குட்டிக் கைகளிரண்டையும் அம்மாவின் தொண்டையில் வைத்தாள்.

அழுத்தினாள்.

வேறு சுரம் பிறந்தது.