மணிக்குப் பதினோரு கிலோமீட்டர்

"எழுந்து நடக்க நேரமாகிவிட்டது!"

கோபாலின் கைக்கடிகாரம் மறுபடியும் கிணுகிணுத்து, திரையில் அறிவுரை சொன்னது.

கோபால் எழுந்திருக்கவில்லை.

எழுந்திருக்கவும் முடியாது! லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வெளியே, ஏரிக்கரை மண் பாதையில் குப்புறக் கிடந்தான்... பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ரத்தம் தோய்ந்த ஒரு துடுப்பு. சற்றுத் தள்ளி அவனுடைய சைக்கிள்.

சப்-இன்ஸ்பெக்டர் வைஷ்ணவி குனிந்து அந்தக் கடிகாரத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஏட்டய்யா... காலைல ஆறரைக்கு இதயத் துடிப்பு நின்னுருக்கு. டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்."

ஏட்டு தேவதாஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"செத்தவனப் போயி நட, நடன்னு உசுர வாங்குதேம்மா! இத்தக் கட்டிக்கினுதான் இவங்க சைக்கிள் வுடறாங்களா?"

'இவங்க' என்று அவர் சொன்னது 'ஜல்லிப் புயல்கள்' சைக்கிள் க்ளப்பை. சென்னையிலிருந்து வாராவாரம் வந்து இரண்டு நாள் தங்குவார்கள். வழவழப்பான தார் ரோட்டில் காரில் வந்து இறங்கி, குண்டும் குழியுமான பாதையாகத் தேடிப் பிடித்து சைக்கிள் ஓட்டுவார்கள். ஏரிக்கரை, உப்பளத்து வரப்பு, தண்டவாளத்தைப் பிடுங்கிய பிறகு ஜல்லி மட்டும் மிஞ்சிய பழைய உப்பு ரயில் பாதை... ஒன்றையும் விட்டுவைப்பதில்லை.

குப்பத்து ஜனம் ரோடு போடச் சொல்லி மனு கொடுக்கும். இவர்கள் ரோடு போடாதே என்று மனு கொடுப்பார்கள்!

கோபால் அந்த க்ளப்பின் செயலாளர்.

இனி இல்லை.

*

"நேத்து சாயங்காலம் அந்தாள்கிட்ட இன்னா சொன்னே?"

இன்ஸ்பெக்டர் திருவேங்கடம் மேஜையை ஓங்கித் தட்டினார். லாக்கப் கம்பியைப் பிடித்தபடி நின்றான் தினகரன். லைட்ஹவுஸ் குப்பத்து மீனவன்.

"காய வச்ச கருவாட்டு மேல சைக்கிள் ஏத்திட்டான் சார். இன்னொரு தபா ஏத்தினா மண்டையப் பொளப்பேன்னு சொன்னேன். கோவத்துல வர்றதுதான சார்!"

"துடுப்பு யாருது?"

"என்துதான். அது எப்பவும் கரையிலதான் கெடக்கும். யாரு வேணா எடுக்கலாம்."

"நீதான் எடுத்தே! வைஷ்ணவி, மூணு மணிக்கு கோர்ட்டு. ரிமாண்டு. கேஸ் முடிஞ்சுது!"

"சார், அவன் எடுத்ததை யாருமே பாக்கலையே..."

"வார்த்தை விட்டான். துடுப்பு அவன்து. அப்புறம் என்ன, சினிமாவா எடுக்கப் போறோம்?"

வெளியே குப்பமே திரண்டிருந்தது. இளவட்டங்களின் கையில் கல். எல்லோருக்கும் முன்னால், தலைமுடியை அள்ளி முடிந்தபடி, தினகரனின் மனைவி தனக்கோடி.

"எம்புருசன வேன்ல ஏத்திப் பாரு! டயருக்கு அடியில படுத்துக்கினு சாவறேன்! சாமி சத்தியமா!"

வெறும் மிரட்டல் இல்லை. படுத்துவிடுவாள்... அப்புறம் கல் பறக்கும். தடியடி நடக்கும்!

வைஷ்ணவி கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டு.

டக்... டக்... டக்...

ஸ்டேஷன் தரையில் ஏதோ குதிரை நடந்து வருவதுபோல் சத்தம். குதிரை இல்லை. சைக்கிள் ஷூ! அதற்கு மேலே, உடம்போடு ஒட்டிய மஞ்சள் உடையில் 'கேப்டன்' பிரகாஷ். க்ளப்பின் தலைவர். ராணுவத்தில் இருந்ததில்லை. கப்பலிலும் இருந்ததில்லை. தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டம்.

இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். போன மாதம்தான் அந்த க்ளப் அவரைக் 'கௌரவ உறுப்பினர்' ஆக்கியிருந்தது.

"கோபால் என் தம்பி மாதிரி!" பிரகாஷ் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, ஈரமில்லாத கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவன் நினைவா நூறு கிலோமீட்டர் இரங்கல் ரைடு அறிவிச்சிட்டேன். டி-ஷர்ட்டுக்குக்கூடச் சொல்லியாச்சு."

"காலைல ஆறரைக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்றாள் வைஷ்ணவி.

"வைஷ்ணவி! யாரைப் பாத்து என்ன கேக்கறே?" இன்ஸ்பெக்டர் பதறினார்.

"பரவாயில்ல சார்... கடமை!" பிரகாஷ் பெருந்தன்மையாகப் புன்னகைத்து செல்போனை நீட்டினார். "இதோ. என் சைக்கிள் மீட்டர் பதிவு பண்ணின மேப். ஆறு மணியிலேர்ந்து எட்டு மணி வரைக்கும் மீஞ்சூர் பக்கம் பழைய ரயில் பாதையில தனியா ஓட்டிட்டிருந்தேன். இங்கேர்ந்து எவ்வளவு தூரம்!"

வரைபடத்தில் சிவப்புக் கோடு. நேரம் சரி. இடம் சரி. அசைக்க முடியாத சாட்சி!

ஆனால்...

பிரகாஷின் கட்டைவிரல் திரையின் கீழ்ப்பகுதியைவிட்டு நகரவே இல்லை.

"சார், விரலைக் கொஞ்சம் எடுங்க."

"எதுக்கு? மேப்தான் தெரியுதே!"

"கீழ என்ன இருக்கு?"

"அ... அது பர்சனல்."

வைஷ்ணவி போனைப் பிடுங்கினாள். கீழே கொட்டை எழுத்தில் ஓர் எண்.

சராசரி வேகம்: மணிக்குப் பதினோரு கிலோமீட்டர்.

அவள் நெற்றி சுருங்கியது. கழுத்தைக் காப்பாற்றும் சாட்சியைக் காட்டுகிறான். காட்டும்போதே அதில் பாதியை மறைக்கிறான். கொலைப் பழியைவிட இந்த எண்ணுக்கா இவ்வளவு கூச்சம்?

போனோடு விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தாள்.

இன்ஸ்பெக்டர் பின்னாலேயே ஓடிவந்து காதோரம் சீறினார். "ஏதாவது ஏடாகூடமாச்சு... நாளைக்கே உனக்கு ராமநாதபுரம்!"

"அங்கயும் கடல் இருக்கு சார்."

வாசலில் ஒரு பக்கம் குப்பம். மறு பக்கம் பளபளக்கும் உடைகளில் ஜல்லிப் புயல்கள். நடுவில் இரண்டு டி.வி. மைக்.

வைஷ்ணவி குரலை உயர்த்தினாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! கேப்டன் சார் மேல எந்தச் சந்தேகமும் இல்ல. கொலை நடந்தப்ப அவர் ரயில் பாதையில ஓட்டிட்டிருந்தார். சராசரி வேகம்... பதினொண்ணு!"

ஜல்லிப் புயல்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

க்ளப்பிலிருந்து ஒருத்தன் மெதுவாகக் கேட்டான். "மேடம், பதினொண்ணா... முப்பத்தொண்ணா?"

"பதினொண்ணு. ஒண்ணு, ஒண்ணு."

எவனோ 'க்ளுக்' என்றான். தொற்றிக்கொண்டது. இரங்கலுக்காகக் கறுப்பு ரிப்பன் கட்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்!

போனுக்காகப் பின்னாலேயே வந்திருந்த பிரகாஷின் முகம் சிவந்தது. "காலைல... எதிர்க்காத்து!"

"நெஜமாவா?" தனக்கோடி அழுகையை நிறுத்திவிட்டு முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். "எங்க வூட்டு சென மாடு அத்தவிட ஜல்தியா போவுமே! இதுக்கா நைனா இம்மாம் டைட்டா சொக்கா?"

குப்பமும் சிரித்தது. கல் வைத்திருந்த கைகள் தளர்ந்தன.

"டி.வி.காரங்க எழுதிக்குங்க," என்றாள் வைஷ்ணவி. "இதுதான் சாரைக் காப்பாத்தப் போற வேகம். கோர்ட்டுல உரக்கப் படிப்பாங்க. பேப்பர்ல போட்டோவோட வரும்."

"வேணாம்!" பிரகாஷின் கழுத்து நரம்பு புடைத்தது. "மேப் போதும்... வேகத்தைப் போட வேணாம்!"

அந்த நேரம் பார்த்து, அவருக்கு ஆறுதல் சொல்லலாமென்று திருவேங்கடம் தொப்பையை முன்னே விட்டுக்கொண்டு வந்தார்.

"விடுங்க கேப்டன். போன வாரம் பழகறப்ப எனக்கே பதினாலு வந்துது. போகப் போக உங்களுக்கும் வந்துடும்!"

அவ்வளவுதான்!

"அது நான் இல்லய்யா!" பிரகாஷ் அலறினார். "நான் முப்பதுக்குக் கீழ ஓட்டினதே கிடையாது! அது என் மச்சான் சம்பந்தம்! அவன் சைக்கிள்ல மீட்டரை மாட்டி, நிக்காம ஓட்டுடான்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்... தடிமாடு, வழியில இறங்கி வடை தின்னுருக்கான்!"

சிரிப்பு சட்டென்று அறுந்தது.

மைக் இரண்டும் அவர் முகவாய்க்குக் கீழே!

வைஷ்ணவி நிதானமாகப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அப்ப ஆறரைக்கு நீங்க எங்க சார் இருந்தீங்க?"

பிரகாஷ் மைக்குகளைப் பார்த்தார். வழிவிடாமல் நின்ற குப்பத்தைப் பார்த்தார். சைக்கிள் ஷூ வழுக்கிப் படியிலேயே தொப்பென்று உட்கார்ந்தார்.

"கோபால் கண்டுபிடிச்சிட்டான் மேடம்..." குரல் உடைந்தது. "நான் கன்னியாகுமரியிலேர்ந்து காஷ்மீர் வரைக்கும் ஓட்டினதுல, நாக்பூருக்கு அப்புறம் ரயில்ல போனேன்னு. இன்னிக்குக் கூட்டத்துல சொல்லப் போறேன்னான். மசியலைன்னா முடிச்சிடலாம்னுதான் மீட்டரை மச்சான்கிட்ட குடுத்துட்டு வந்தேன். கெஞ்சினேன். திரும்பி சைக்கிள்ல ஏறப் போனான். கரையில அந்தத் துடுப்பு கிடந்துது..."

திருவேங்கடம் தன் சட்டையில் குத்தியிருந்த 'கௌரவ உறுப்பினர்' பேட்ஜைச் சத்தமில்லாமல் கழற்றினார்.

"ஏட்டய்யா, லாக்கப்பைத் திறங்க!"

தினகரன் வெளியே வந்தான். தனக்கோடி ஓடிப்போய் அவன் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"மண்டையப் பொளப்பேன், கைய ஒடைப்பேன்னு இனிமே எவன்கிட்டனா வாய வுட்டே... நானே உள்ள வச்சுப் பூட்டிடுவேன்!"

அப்புறம்தான் அவன் தோளில் சாய்ந்து அழுதாள்.

பிரகாஷை ஜீப்பின் பின்பக்கம் ஏற்றினார்கள். விலங்கு மாட்டிய கையோடு அவர் எட்டிப் பார்த்தார்.

"மேடம்... ஒரே ஒரு உதவி."

"வக்கீலா? வீட்டுக்குத் தகவலா?"

"இல்ல... அந்தப் பதினொண்ணு இன்னும் என் பேர்லதான் இருக்கு. அழிச்சிடுங்களேன், ப்ளீஸ்!"

வைஷ்ணவி ஜீப்பின் கதவை அறைந்து சாத்தினாள்.

"கவலையே படாதீங்க கேப்டன். இங்கேர்ந்து புழல் ஜெயில் வரைக்கும் நல்ல தார் ரோடு... அறுபதுல ஓட்டச் சொல்றேன். உங்க சராசரி தானா ஏறிடும்!"