முடித்து வைக்காத மௌனம்

"யாருக்கும்மா இவ்வளவு சோறு?"

"தியானத்துக்கு வந்தவங்களுக்குத்தானுங்க சாமி."

"விளையாடாதீங்கம்மா. இங்க தியானம் நின்னு மூணு வருஷமாச்சு."

"உங்களுக்குத்தான் நின்னுச்சுங்க" என்றபடி சமையல்காரி கோகிலவாணி ரசத்தை இறக்கினாள்.

பாதர் இளஞ்செழியன் சிரித்தார். சேந்தமங்கலத்துக்கு வெளியே, கொல்லிமலையைப் பார்த்து நிற்கும் இந்தத் தியான இல்லத்தைக் காப்பாற்ற, மறைமாவட்டத்தில் அவர் கெஞ்சாத ஆளில்லை. ஆள் வராத இடத்துக்கு எதற்குக் கட்டடம் என்று கேட்டார்கள். நீட் பயிற்சி விடுதி கட்ட நாளை இடிக்கிறார்கள். சாவியைக் கொடுக்கத்தான் வந்திருந்தார்.

கோகிலவாணி அடுப்பை அணைத்தாள்.

"கடைசித் தியானத்துல பெரிய பாதர் பாதியிலயே நெஞ்சு வலில போயிட்டாருங்க. பாதர் சொன்னாத்தானுங்க மௌனம் முடியும், முடிச்சு வெக்க ஆளில்லை. வந்தவங்க பேசாமயே வேன்ல ஏறுனாங்க. வேன் ராசிபுரம் தாண்டலீங்க, ஏரியில கவுந்துருச்சு. ஒருத்தரும் மிஞ்சலை."

கரண்டியைத் துடைத்து வைத்தாள்.

"சாயங்காலமே திரும்பி வந்துட்டாங்க."

வெளியே உச்சி வெயில். பக்கத்துக் கோழிப்பண்ணையிலிருந்து அதுவரை வீசிய வாடை சட்டென்று அற்றுப்போனது.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு நாற்காலி இழுபட்டது.

பிறகு வரிசையாக எல்லா நாற்காலிகளும்.

அவர் கதவைத் திறந்தார். கூடத்தில் யாருமில்லை. ஆனால் ஆள் உட்காரும் அளவுக்கு நாற்காலிகள் மேசையை விட்டு விலகியிருந்தன. டீசலும் ஈரத்துணியும் கலந்த நெடி. வெறும் தட்டுகளில் கரண்டிகள் மெல்ல உரசிக்கொண்டிருந்தன. இந்தக் கூடம் நிரம்ப வேண்டுமென்று எத்தனை நாள் ஜெபித்திருக்கிறார்!

உரசல் நின்றது.

எல்லோரும் தன்னையே பார்ப்பது அவருக்குத் தெரிந்தது.

"சுவரை இடிச்சுட்டா இவங்க எங்கீங்க போவாங்க?" கோகிலவாணி கிசுகிசுத்தாள். "தியானம் முடிஞ்சுதுன்னு நீங்க சொன்னாப் போதும். அவங்கவங்க ஊட்டுக்குப் போயிருவாங்க."

அவர் வாயைத் திறந்தார்.

குரல் வரவில்லை.

தொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றார். உதடுகள் மட்டும் அசைந்தன.

முன்வரிசையில் ஒரேயொரு நாற்காலி மேசையோடு ஒட்டிக் கிடந்தது. அது இப்போது மெதுவாகப் பின்னுக்கு நகர்ந்தது. அதன் எதிரே கவிழ்த்து வைத்திருந்த தட்டு தானாக நிமிர்ந்தது.

அவருடைய கால்கள் அதை நோக்கி நடந்தன.

"உக்காந்துராதீங்க!" கோகிலவாணியின் குரல் உடைந்தது. "ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி..."