நகத்தளவு

கட்டைவிரல் நகத்தின் அளவுக்குச் சுருக்கியபோதுதான் அந்த முகம் தெரிந்தது.

எந்த ஆல்பத்துக்கு அட்டை வடிவமைத்தாலும் அவள் கடைசியில் இந்தச் சோதனையைச் செய்வாள். பெரிய திரையில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். பாட்டுக் கேட்கப் போகிறவர் பார்ப்பதோ கைப்பேசியில், நூறு சின்னச் சதுரங்களுக்கு நடுவே ஒரு சதுரமாக. அங்கேயும் கண்ணை இழுத்துப் பிடித்தால்தான் அது அட்டை. இந்தப் படத்தில் இருந்தது ஆளில்லாத ஓர் அரங்கம், வரிசை வரிசையாக மர நாற்காலிகள், மேலிருந்து சாய்ந்து விழும் சாம்பல் நிற வெளிச்சம், அவ்வளவுதான். பெரிதாக்கினால் நாற்காலிகள். சுருக்கினால் ஒரு பெண், உதடுகளை இறுக மூடிக்கொண்டு, நேராக அவளையே பார்த்தாள்.

மதியம் மூன்று மணி. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கிறீச்சிட்டது. சூடேறிய கணினியிலிருந்து காய்ந்த தூசியின் வாசம் வந்தது. மாடியில் தண்ணீர்த்தொட்டி நிரம்பும் சத்தம், யாரோ தொண்டைக்குள்ளேயே எதையோ முணுமுணுப்பதுபோல், விட்டுவிட்டுக் கேட்டது.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்."

"என்ன கழுகு, யாரோட எழுத்துப்பிழை மாட்டிச்சு?" என்றபடி கணவர் வந்தார். அவள் கண்ணுக்கு ஒரு புள்ளிகூடத் தப்பாது என்பதால் அவர் வைத்த பெயர் அது. குனிந்து பார்த்தவர் சிரிப்பை நிறுத்தினார்.

"யாரு இது? ஏதோ சொல்ல வர்ற மாதிரி இருக்கு."

"வாயை மூடிக்கிட்டுத்தானே இருக்கா?"

"இல்லையே. லேசாத் திறந்திருக்கே."

நிழல்கள் கண்ணை ஏமாற்றுவது அவளுக்குப் புதிதல்ல. முன்வரிசை நாற்காலிகளை அழித்தாள். முகம் இருந்தது. எல்லா நாற்காலிகளையும் அழித்தாள். இருந்தது. வெளிச்சத்தை எடுத்தாள், சுவரை எடுத்தாள், கடைசியில் வெறும் சாம்பல் சதுரம் ஒன்றைச் சுருக்கினாள். ஒன்றுமே இல்லாத அந்த இடத்திலிருந்தும் அந்தப் பெண் பார்த்தாள். இப்போது பற்கள் தெரிந்தன.

பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. பதினெட்டு வருடத் தொழிலில் அவள் வைக்காத எதுவும் அவள் அட்டையில் இருந்ததில்லை. இசையமைப்பாளருக்குப் போன் போட்டாள்.

"சார், இந்த ஆல்பத்துல பாடினது யாரு?"

"அதான் முதல்லயே சொன்னேனே. பாடினவங்க பேரு அட்டையில வேண்டாம். என் பேரு போதும்."

"அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"போய்ச் சேந்துட்டாங்க." அவர் குரல் தாழ்ந்தது. "சின்னதாக்கிப் பாத்தீங்களா? பாக்காதீங்கம்மா. உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரு பாதியிலயே கழண்டுக்கிட்டாங்க. நீங்களும் வேணும்னா விட்டுடுங்க."

"நான் விடுற ஆள் இல்ல சார்."

அவர் அனுப்பியிருந்த ஒலிக்கோப்புகளின் விவரங்களைத் தோண்டியபோது பாடியவளின் பெயர் கிடைத்தது. எட்டுப் பாட்டும் பாடியவளுக்கு அட்டையில் எள்ளளவு இடம்கூட இல்லையா? பழைய படத்தைத் திரும்பக் கொண்டுவந்து, அந்தப் பெயரை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, தடித்த வெள்ளை எழுத்தில் போட்டாள். இசையமைப்பாளரின் பெயரைக் கீழே மூலையில் ஒதுக்கினாள். மறுபடி சுருக்கினாள்.

பெயர் பளிச்சென்று நின்றது. முகம் இல்லை.

"ஆள விட்டாளா?" என்றார் கணவர்.

"நான்தான் விடல," என்று சொல்லி இசையமைப்பாளருக்கு அட்டையை அனுப்பிவைத்தாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப ஒரு டீ போடலாம். பால் வாங்கிட்டு வந்துடறேன்."

அவர் இறங்கிப்போன கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"என்னம்மா பண்ணிட்டீங்க!" இசையமைப்பாளர் அழுதுகொண்டிருந்தார். "அவ பேரை எழுதிட்டீங்களே. எழுதினா கூப்பிட்ட மாதிரிம்மா."

"கூப்பிட்டதாவே இருக்கட்டும்," என்று வைத்துவிட்டாள்.

காற்றுக்காக ஜன்னலைத் திறந்தாள். ஐந்தாவது மாடி. மாலை வெயில் தெருவை மஞ்சளாக்கியிருந்தது. தூரத்துப் பேருந்து நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர், நகத்தளவு மனிதர்கள், நின்றுகொண்டிருந்தார்கள்.

எல்லோருக்கும் ஒரே முகம்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். அதே முகம். சைக்கிளில் போனவனுக்கும். குடைபிடித்து நடந்தவளுக்கும். ஆனால் குடைக்காரி கிட்டே வரவர அந்த முகம் கரைந்து, கண்ணாடி போட்ட யாரோ ஒரு அம்மாவானாள். சைக்கிள்காரனுக்கு மீசை திரும்ப வந்தது. அவளுக்கு மூச்சு வந்தது. தூரத்தில்தான் அப்படி. கிட்டே வந்தால் சரியாகிவிடும்.

தெருக்கோடியில் நீலச்சட்டை தெரிந்தது. கணவர். ஒரு தோளைச் சாய்த்து நடக்கும் நடை. கையில் பால் பாக்கெட். கழுத்துக்கு மேல் அந்த முகம்.

காத்திருந்தாள்.

பேருந்து நிறுத்தத்தைத் தாண்டினார். மாறவில்லை. தையல்கடை. மாறவில்லை. மருந்துக்கடை. அவர் சட்டைப் பொத்தானைக்கூட இப்போது அவளால் எண்ண முடிந்தது.

மாறவில்லை.

கால்கள் பின்னால் இழுத்தன. அவள் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வா," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "நான் எங்கயும் ஓடல. அவரை விட்டுட்டு வா."

வாசலில் அவர் நின்றார். அண்ணாந்தார். பால் பாக்கெட் கைநழுவி விழுந்து உடைந்து, படியெல்லாம் வெள்ளையாகப் பரவியது. அவர் குனியவில்லை. வாய் திறந்தது. இன்னும் திறந்தது. தாடை நெஞ்சுக்குக் கீழே இறங்கியது, உள்ளே நாக்கில்லை, பல்லில்லை, வெறும் இருட்டு. அவருக்குப் பின்னால் தெரு முழுவதும் அசையாமல் நின்றது, குடைக்காரியும், சைக்கிள்காரனும், நிறுத்தத்தில் இருந்தவர்களும், ஒவ்வொருவராக அதே முகத்தை மேலே திருப்பி.

அவள் கம்பியை விடவில்லை.

எல்லா வாய்களும் திறந்தன.