பெயர் ஒட்டாத பாத்திரம்

அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் டேப் ஒட்டியிருந்தது. டேப்பில் பெயர் இல்லை.

பிரிட்டா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மினசோட்டாவின் அந்தச் சின்ன ஊரில் யாராவது ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பினால், சர்ச் பெண்கள் முறைவைத்துச் சமைத்து அனுப்புவார்கள். படுத்திருப்பவரைத் தொந்தரவு செய்யக்கூடாதென்று அழைப்பு மணியைக்கூடத் தொடாமல், வாசலில் இருக்கும் ஐஸ்பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பாத்திரம் சரியாகத் திரும்பி வரவேண்டுமே என்று அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருப்பார்கள். அதை மறக்கிறவள் அந்த ஊரில் கிடையாது. இதில் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு முடி ஒட்டிக்கொண்டிருந்தது. நீளமான செம்பட்டை முடி.

தன் முடிதான் உதிர்ந்திருக்கும் என்று பிரிட்டா நினைத்தாள். ஆனால் அது டேப்புக்கு உள்பக்கம் இருந்தது.

"அடடா!" அவள் கணவன் டெரெக் முதல் வாய் வைத்ததுமே கண்ணை மூடிக்கொண்டான். "இதைச் செஞ்ச கைக்கு ஒரு முத்தம் குடுக்கலாம்."

"குடேன். யாருன்னு கண்டுபிடிச்சுப் போய்க் குடு."

"ஏய், கோவிச்சுக்காதே. அப்படியே நீ செய்ற மாதிரி இருக்குன்னு சொல்ல வந்தேன். அந்த ஜாதிக்காய் வாசனைகூட."

பிரிட்டாவின் கரண்டி நின்றது. கொத்துக்கறியில் அவள் ஜாதிக்காய் சீவிப் போடுவது அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. டெரெக்கிடமே போன வருஷம்தான் சொன்னாள்.

அவளால் மாடிப்படி ஏற முடியாது, குனிய முடியாது, தண்ணீர் ஜாடியைக்கூடத் தூக்கக்கூடாது. கூடத்துச் சாய்வு சோபாவில்தான் படுக்கை. தலைக்கு மேலே, அவர்களுடைய படுக்கையறையில், டெரெக் தனியாகத் தூங்கினான். இடது சினைப்பையில் இருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள், சினைப்பையையும் சேர்த்து. உள்ளே முடியும் சில பற்களும் இருந்தன என்று டாக்டரம்மா வெகு சாதாரணமாகச் சொன்னாள். பிறக்கும்போதே கூட வருவதாம். சிலருக்கு அப்படி உண்டாம்.

"முப்பத்து மூணு வருஷமா வாடகை குடுக்காம ஒரு தங்கச்சி உள்ள உக்காந்திருந்திருக்கா!" என்று டெரெக் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கிண்டலடித்தான். தையல் வலிக்க வலிக்க இருவரும் சிரித்தார்கள்.

இப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பெயரில்லாத பாத்திரங்கள் தொடர்ந்து வந்தன. டெரெக் வேலை விட்டு வந்ததும் அவளுக்கு முத்தம் கொடுப்பதற்கு முன்னால் ஐஸ்பெட்டியைத் திறந்தான். சாயங்காலத்தில் சவரம் செய்துகொண்டான். விசிலடித்தான். அவன் வேலை பார்க்கும் மரக்கடையில் புதிதாக ஒரு செம்பட்டை முடிக்காரி சேர்ந்திருப்பதாக எப்போதோ சொன்னது பிரிட்டாவுக்கு ஞாபகம் வந்தது. அந்த ஞாபகம் தையலைவிட அதிகமாக உறுத்தியது. ஜாதிக்காயைப் பற்றி அவளிடம் டெரெக்தான் உளறியிருக்கவேண்டும். வேறு யார்?

யார் என்றைக்குச் சமைப்பது என்று முறை பிரித்துக் கொடுக்கும் எதிர்வீட்டு லொரேனுக்குப் போன் செய்தாள்.

"பேரு இல்லாமலா?" லொரேன் கலகலவென்று சிரித்தாள். "நம்ம சர்ச்சுல பேரு ஒட்டாம ஒரு ஸ்பூன் வெளிய போகாது கண்ணு. அது நாங்க அனுப்பினது இல்ல. ஆமா, உனக்கு எதுக்கு இந்த அவசரம்?"

"என்ன அவசரம்?"

"நேத்து சாயங்காலம் பனியில உன் வாசல்ல நின்னுட்டு இருந்தியே. கைகூடக் காட்டினேன், திரும்பியே பாக்கல மகாராணி. தையல் பிரிஞ்சிடும், ஒழுங்கா படு."

பிரிட்டா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வாசலைத் தாண்டவே இல்லை.

அவளேதான். மரக்கடைக்காரி. செம்பட்டை முடியைப் பார்த்து லொரேன் ஏமாந்திருக்கிறாள். துணிச்சலைப் பார். என் வீட்டு வாசல்வரை வந்து, என் புருஷனுக்கு என் கைப்பக்குவத்தில் சோறு வைத்துவிட்டுப் போகிறாள். அந்த முகத்தை ஒருமுறை நேருக்கு நேர் பார்த்துவிடவேண்டும் என்று பிரிட்டாவுக்கு வெறியே வந்தது.

பாத்திரத்தைக் காலியாகத் திருப்புவது அந்த ஊரில் மரியாதை இல்லை. அதனால் பூசணி ரொட்டி ஒன்றை உள்ளே வைத்தாள். மூடியின் மேல் அகலமாக டேப் ஒட்டி எழுதினாள்: 'வெளியிலேயே நிற்கவேண்டாம். உள்ளே வாங்க. இது உங்கள் வீடு மாதிரி.' கடைசி வரியை எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள். தையல் இழுக்க இழுக்க, ஐஸ்பெட்டிவரை அதைக் காலால் தள்ளிக்கொண்டு போய், மூச்சைப் பிடித்துக் குனிந்து உள்ளே வைத்தாள். கதவைத் தாழிடவில்லை. வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கதவைப் பார்த்தபடி சோபாவில் காத்திருந்தாள்.

நவம்பர் மாதம் நாலரை மணிக்கே இருட்டிவிடும். ஜன்னலுக்கு வெளியே பனி நீலமாகி, சாம்பலாகி, கடைசியில் கண்ணாடியில் விளக்கும் அவள் சோபாவும் மட்டும் தெரிந்தன. எங்கோ பனி அள்ளும் சத்தம் கேட்டு நின்றது. மாத்திரை அவள் கண்ணிமைகளை மெதுவாக, அன்பாக, கீழே அழுத்தியது.

விழித்தபோது மூச்சு முட்டியது. போர்வை முகத்தையும் சேர்த்து மூடியிருந்தது. ஓரங்கள் சோபாவுக்குள் நன்றாகச் செருகப்பட்டிருந்தன.

அவள் மூடிக்கொள்ளவில்லை.

அடுப்படியிலிருந்து ஜாதிக்காய் வாசனை. கதவோரம் டெரெக்கின் பூட்ஸ். பக்கத்தில் ஈரமான பாதத் தடங்கள். செருப்பில்லாத பாதங்கள். அவை படியேறிப் போயிருந்தன. இறங்கவில்லை.

மேலே டெரெக் சிரித்தான். அவளிடம் மட்டுமே சிரிக்கும், தொண்டைக்குள் உருளும் சிரிப்பு.

பிரிட்டா ஏறினாள். கைப்பிடியைப் பிடித்து. ஒரு படி. அடிவயிற்றில் ஏதோ பட்டென்று விட்டது. இன்னொரு படி. சூடாக ஏதோ தொடையில் வழிந்தது. நிற்கவில்லை. அவளைப் பார்த்தே ஆகவேண்டும்.

அறைக்கதவு பாதி திறந்திருந்தது.

கட்டிலில் பிரிட்டாவின் பக்கம். பிரிட்டாவின் இரவு உடை. முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி. டெரெக் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தான். செம்பட்டை முடி கட்டிலிலிருந்து வழிந்து தரைக்கு வந்து, தரையிலும் போய்க்கொண்டிருந்தது.

அவள் திரும்பினாள்.

மரக்கடைக்காரி இல்லை. பிரிட்டாவின் முகம். பிரிட்டாவின் சிரிப்பு. முன்பல்லின் அந்தச் சின்னக் கோணல்கூட. கண்கள் மட்டும் வேறு. முப்பத்து மூன்று வருஷம் இருட்டில் உட்கார்ந்து, அடுத்தவள் வாழ்வதைக் கேட்டுக்கொண்டே இருந்த கண்கள்.

"டெரெக்!"

அப்படிக் கத்தத்தான் வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. நாக்கு பற்களைத் தேடியது. இல்லை. ஒன்றுகூட இல்லை. கை தலைக்குப் போனது. வழவழப்பு. மெல்லிய, ஈரமான தோல். அதற்குக் கீழே எலும்பு இருக்கவேண்டிய இடத்தில் விரல் அமுங்கியது.

"அங்க யாரோ நிக்கிற மாதிரி இல்ல?" என்றான் டெரெக்.

"யாருமில்லப்பா," என்றது பிரிட்டாவின் குரல். "சாப்பாடு வெச்சுட்டுப் போறவ. நான்தான் கதவைச் சாத்தாம வந்துட்டேன்."

அது எழுந்துவரவில்லை. முடிதான் வந்தது. தரையோடு ஊர்ந்து வந்து கதவைப் பிடித்து, மெதுவாகத் தள்ளியது. மூடிக்கொண்டே வந்த இடுக்கில் பிரிட்டா கடைசியாகப் பார்த்தாள்: டெரெக்கின் கையை எடுத்து அது தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டது. தையலே இல்லாத வயிறு. அவன் உள்ளங்கைக்குக் கீழே, தோலுக்குள், ஏதோ ஒன்று வாயைத் திறந்து மூடியது.