கதவு சாத்தும் சத்தம்

சுவர்ச்செவி பொய் சொல்லாது என்பதுதான் கோயமுத்தூர் நீதிமன்றத்தில் எல்லோருடைய நம்பிக்கையும். சுண்ணாம்பிலும் சிமென்டிலும் படிந்து கிடக்கும் பழைய ஒலிகளை உறிஞ்சியெடுத்து, இது இன்ன சத்தம் என்று பெயரும் சொல்லிவிடும் கருவி அது. அது வந்த பிறகு போலீஸ்காரர்கள் கைரேகை எடுப்பதைக்கூட விட்டுவிட்டார்கள்.

சோபா தைக்கும் சென்னியப்பனின் பட்டறைச் சுவரைக் கேட்டு, ‘துப்பாக்கிச் சூடு, மூன்று முறை’ என்றது கருவி. அந்தச் சத்தம் சுவரில் படிந்த அதே நாளில் அவருடைய மச்சான் காணாமல் போயிருந்தார். உடலும் கிடைக்கவில்லை, துப்பாக்கியும் கிடைக்கவில்லை. ஆனாலும் ஆயுள் தண்டனை கிட்டத்தட்ட உறுதி.

“தோல இழுத்துக் கட்டுனதும் மரஸ்கேல்ல ஓங்கி மூணு போடு போட்டாத்தானுங்க பஞ்சு சமமா உக்காரும். அதத்தானுங்க செஞ்சேன்,” என்று அவர் சிறையில் அழுதார்.

தனியார் துப்பறிவாளர் மேகலா அதை நம்பவில்லை. பத்து வருடமாக அவள் பிழைப்பே சுவர்ச்செவியால்தான் ஓடியது. இருந்தாலும் வழக்கை எடுத்தாயிற்றே என்று, கருவி எதையெல்லாம் கேட்டுப் படித்தது என்ற பட்டியலை வாங்கிப் பார்த்தாள். 

நிஜக் கொலையை யார் பதிவுசெய்து பெயர் எழுதி வைக்கிறார்கள்? கருவியைச் செய்தவர்களுக்கு அகப்பட்டது, நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்க வானொலித் துப்பறியும் நாடகங்கள். மழைக்கோட்டு, விஸ்கி, அழகான பொய்க்காரி, வாரம் ஒரு கொலை. எந்த இடத்தில் என்ன சத்தம் என்று ஸ்கிரிப்டில் சுத்தமாக எழுதியிருந்தது. எழுதாமல் விட்டது ஒன்றுதான்: அந்த நாடகங்களில் துப்பாக்கி என்பது தோல் மெத்தையில் மரஸ்கேலால் ஓங்கி அடிப்பது. நிஜத் தோட்டா வெடித்தால் அந்தக் கால மைக் தாங்காது. ஆக, நிஜத் துப்பாக்கிச் சத்தத்தைக் கருவி ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

மேகலா நீதிமன்றத்திலேயே தோல் நாற்காலியை ஸ்கேலால் அடித்தாள். சுவரைக் கேட்டு, “துப்பாக்கிச் சூடு,” என்றது கருவி.

நீதிபதி அதோடு விடவில்லை. பக்கத்து அறையில் மணல்மூட்டையைப் போட்டு, போலீஸ்காரரை நிஜமாகவே சுடச் சொன்னார். காது அடைத்துப்போனது.

“கதவு சாத்தப்பட்டது,” என்றது கருவி.

சென்னியப்பனை விட்டுவிட்டார்கள். அவர் கையெடுத்துக் கும்பிட்டபோது மேகலாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்போது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வழக்கில் மேகலாவின் கட்சிக்காரியாக இருந்த நாகரத்தினம்.

“அம்மிணி, எங்கூட்டுக்காரரு கதவச் சாத்திட்டுப் போயிட்டாருன்னு இதே மெசினுதானுங்களே சொல்லுச்சு? நீங்கதானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க? மூணு வருசமா நான் அவரத் திட்டிட்டுக் கெடக்கறேனுங்க.”

மேகலா மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டுப் போனார் என்று அவள் முடித்துவைத்த கோப்புகள் நாற்பதாவது இருக்கும்.

“அன்னிக்கு வீட்ல வேற யாருங்க இருந்தாங்க?” என்று மெல்லக் கேட்டாள்.

“அவரு தம்பி மட்டுந்தானுங்க. பாவம், அன்னில இருந்து என்னையும் கொழந்தைகளையும் அவருதான் பாத்துக்கறாரு.”